கொங்குக் குளங்களுக்குத் தனியாள் பாய்மரப் படகு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லடத்துக்கு மேற்கே ஒரு குளம். நிறைந்து நின்றால் அறுபது ஏக்கர் இருக்கும். அதில் ஒன்பது வருஷமாகத் தனி ஆளாகப் பாய் கட்டி ஓட்டி வருகிறேன். கரையில் நின்று பார்ப்பவர்களும் சரி, வாங்கும் யோசனையோடு போனில் கூப்பிடுபவர்களும் சரி, கேட்பது பெரும்பாலும் இந்தக் கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏனுங்க, இத்துனூண்டு குளத்துக்கு வேகமான படகு எதுக்குங்க? சும்மா மிதந்தாப் போதாதா?

சின்ன நீருக்குத்தான் சுறுசுறுப்பான படகு வேண்டும். கடலில் காற்று ஓரளவு சீராக வரும். கனத்த படகுகூட மெல்ல வேகம் பிடித்து அப்படியே போய்க்கொண்டிருக்கும். குளத்தில் காற்று துண்டு துண்டாகத்தான் வரும். தென்னந்தோப்பு இடைவெளியில் ஒரு வீச்சு, கரை மேட்டைத் தாண்டி ஒரு வீச்சு, நடுவே ஒன்றுமில்லை. பத்து நொடி மட்டும் வரும் அந்த வீச்சை ஓட்டமாக மாற்றத் தெரிந்த படகில்தான் குளம் சுகப்படும். கனத்த படகு அசையத் தொடங்கும்போது வீச்சு கடந்து போயிருக்கும். அப்படிப்பட்ட படகை வாங்கி, ரெண்டு மாசத்தில் சலித்து, தார்ப்பாய் போட்டு மூடி வைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

அப்படின்னா "வேகம்" என்பதை எதை வைத்து அளப்பது?

உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் ரேக்ளா பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. ஓட்டம் 200 மீட்டர், இல்லாவிட்டால் 300 மீட்டர். அந்தத் தூரத்தில் ஜெயிப்பது விட்ட உடனே பாயும் காளையும் எடை குறைந்த வண்டியும்தான். பார வண்டி இழுத்துப் பழகிய மாட்டுக்கு எவ்வளவு வலு இருந்தாலும், அது ஓட்டம் பிடிப்பதற்குள் கோடு வந்துவிடும். குளத்துப் படகும் ரேக்ளா வண்டிதான்.

கணக்காகவே பார்க்கலாம். தண்ணீரைப் பிளந்துகொண்டு போகிறவரை எந்தப் படகுக்கும் ஒரு வேக வரம்பு உண்டு. நீரைத் தொடும் நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.43 ஆல் பெருக்கினால் அந்த வரம்பு நாட் கணக்கில் கிடைக்கும். 3.8 மீட்டருக்கு 4.7 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 9 கிலோமீட்டர். காற்று போதுமான அளவு வலுத்தால் இலேசான படகு தானே எழுப்பிய அலையின் மேல் ஏறிச் சறுக்கத் தொடங்கும். இதை பிளேனிங் என்பார்கள். தட்டையான ஓட்டுச் சில்லைக் குளத்தில் விட்டெறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, அந்த மாதிரி.

அறுபது ஏக்கர் குளம் ஏறத்தாழ 500 மீட்டருக்கு 500 மீட்டர். அதை வரம்பு வேகத்தில் கடக்க 200 நொடி ஆகும். பிளேனிங்கில் 18 கிலோமீட்டர் வேகம் வந்தால் 100 நொடி. முன்னால் பலூன் போல உப்பும் ஸ்பின்னேக்கர் பாய் கொண்ட படகு 28 கிலோமீட்டர் போனால் 65 நொடி. மிச்சமாகும் முப்பத்தைந்து நொடியில் பெரும்பகுதி அந்தப் பாயை ஏற்றுவதற்கும் இறக்குவதற்குமே போய்விடும்.

இது காற்றோடு போகும்போது. திரும்பி வருவது எதிர்காற்றில். நேராக வர முடியாது, இடமும் வலமுமாகத் திருப்பித் திருப்பித்தான் ஏற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்தையும் டேக் என்பார்கள். ஒவ்வொரு டேக்கிலும் படகு ஏறக்குறைய நின்று மறுபடி புறப்படுகிறது. என் குளத்தில் மேற்குக் கரைக்கு ஒருமுறை ஏறி வர எட்டுப் பத்து டேக் ஆகிறது. படகு வாங்கும்போது உச்ச வேகம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். திருப்பிய பிறகு எத்தனை நொடியில் பழைய ஓட்டத்துக்கு வருகிறது என்று கேளுங்கள்.

நம்ம ஊர்க் காத்து இதுக்கு எப்படிங்க?

தமிழ்நாட்டின் உள்நாட்டில் இப்படியொரு காற்று வாய்த்த இடங்கள் குறைவு. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலை விட்டுக்கொடுத்திருக்கிறது. அந்தப் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கியடித்துக்கொண்டு உள்ளே வருகிறது. வைகாசி கடைசியில் தொடங்கி ஆவணி வரை பொள்ளாச்சி, பல்லடம், உடுமலை, தாராபுரம் எல்லாம் அதன் பாதைதான். கேத்தனூரிலும் பூளவாடியிலும் காற்றாலைகளைச் சும்மா நட்டு வைக்கவில்லை. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும் என்பது எங்களுக்குக் கண்ணால் பார்க்கிற விஷயம். பழந்தமிழில் மேற்கே இருந்து வரும் காற்றுக்குக் கோடை என்று பெயர், வடக்கே இருந்து வருவது வாடை, கிழக்கே இருந்து வருவது கொண்டல், தெற்கே இருந்து வருவது தென்றல். குளத்தில் பாய் கட்டிய பிறகுதான் இந்த நான்கு பெயர்களும் எனக்கு வெறும் பாடப்புத்தகச் சொற்களாக இல்லாமல் போயின.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மேல் விழும் விசை நான்கு மடங்காகும். மார்கழியில் 15 கிலோமீட்டரில் சுகமாக ஓட்டிய அதே பாய், ஆடியில் 30 கிலோமீட்டரில் உங்களைத் தூக்கிப் போட்டுவிடும்.

இன்னொரு சிக்கல் தண்ணீர். நொய்யல் மேட்டிலுள்ள கோயமுத்தூர்க் குளங்கள் மலையில் மழை பிடித்தால் ஆனி ஆடியிலேயே நிறையும். கிழக்கே போகப் போக மழை மறைவு. பெரும்பாலான குளங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் கதி. ஆக, காற்று இருக்கும்போது தண்ணீர் இருக்காது, தண்ணீர் இருக்கும்போது காற்று இருக்காது. நான் ஓட்டிய நாட்களில் பாதிக்கு மேல் கார்த்திகைக்கும் மாசிக்கும் நடுவே, மெல்லிய காற்றில் கழிந்தவை. ஆடிக் காற்றை மனசில் வைத்துப் படகு தேடுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "ஆடியில் உங்கள் குளத்தில் இடுப்பளவாவது தண்ணீர் நிற்குமா?" என்பதுதான். நிற்காது என்றால், மெல்லிய காற்றில் எழும்பும் படகைத் தேடுங்கள்.

கரையில் என்ன மரம் நிற்கிறது என்பதையும் பாருங்கள். மரத்தின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரை அதன் மறைவில் காற்று கெட்டுப்போயிருக்கும். இருபது மீட்டர் தென்னை என்றால் 200 மீட்டர். மேற்குக் கரை முழுக்கத் தோப்பாக இருந்தால் உங்கள் 500 மீட்டரில் ஏறக்குறைய பாதி போய்விட்டது.

சரிங்க, சுத்தி வளைக்காம சொல்லுங்க. எந்தப் படகு?

பழைய லேசர். இப்போதைய பெயர் இல்கா. நல்ல நிலையில் கைமாறும் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள்.

கனடாவைச் சேர்ந்த புரூஸ் கிர்பி 1969-ல் வரைந்த படகு இது. காரின் கூரையில் ஏற்றிக்கொண்டு போகிற மாதிரி ஒரு படகு வேண்டும் என்று நண்பர் இயன் புரூஸ் கேட்டதற்காக வரைந்தார். 1971-ல் விற்பனைக்கு வந்தது. இன்று வரை இரண்டு லட்சத்துக்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். 1996 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. நீளம் 4.2 மீட்டர், பாயும் மரமும் இல்லாத வெறும் படகுக்கூடு 59 கிலோ. பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தக் கம்பிகள் கிடையாது. இரண்டு குழாய்களை ஒன்றில் ஒன்று செருகி, தலையணை உறை போலப் பாயை அதன் மேல் மாட்டி, தளத்திலுள்ள குழியில் நட்டுவிட வேண்டியதுதான். பழகிய கைக்கு இருபது நிமிஷ வேலை. வேலை முடிந்து சாயங்காலம் ஐந்து மணிக்குக் குளத்துக்கு வருகிறவருக்கு இந்த இருபது நிமிஷம் பெரிய விஷயம். கட்டி முடிக்கவே ஒரு மணி நேரம் பிடிக்கும் படகு எவ்வளவு வேகமாக இருந்தாலும், அதற்குள் இருட்டிவிடும்.

இந்தியாவில் தனியாள் படகுகளில் பரவலாகப் புழங்குவது இதுதான் என்பது இன்னொரு காரணம். உதிரி பாகமும், தெரிந்தவர்களும், பழைய பாய்களும் கிடைக்கும். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் டோக்கியோவிலும் பாரிஸிலும் ஓட்டியது இல்கா 6, அதாவது இதே கூட்டில் சற்றுச் சின்னப் பாய். வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் அதே இரண்டு ஒலிம்பிக்கிலும் பெரிய பாய் கொண்ட இல்கா 7 ஓட்டினார். 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் வெண்கலமும் வாங்கினார். ஹைதராபாத் ஹுசைன் சாகரும் மனிதர் கட்டிய ஏரிதான். அங்கே இந்தப் படகுகளுக்கு வருஷந்தோறும் பந்தயம் நடக்கிறது.

குறையும் சொல்ல வேண்டும். தளத்தின் விளிம்பில் உட்கார்ந்து வெளியே சாய்ந்தால் தொடை வலிக்கும். பாயின் அடிக்கட்டை தாழ்வாக வரும், குனியத் தெரியாவிட்டால் மண்டையில் படும். காற்றோடு போகும்போது திருப்பினால் பாயை இழுக்கும் கயிறு படகின் பின் மூலையில் மாட்டிக்கொள்ளும். கட்டை தலைக்கு மேலே கடக்கும் அந்த நொடியில் கயிற்றை ஒரு வெடுக்கென இழுத்துவிட்டால் மாட்டாது. இதை எனக்கு யாரும் முதலிலேயே சொல்லித்தரவில்லை. ஒரு பருவம் முழுக்க அந்த மூலையால் கவிழ்ந்தேன்.

எனக்கு 62 கிலோ, பையனுக்கு 80 கிலோ. ரெண்டு படகு வாங்கணுங்களா?

வேண்டாம். ஒரே கூட்டில் மூன்று பாய் மாட்டலாம் என்பதுதான் இந்தப் படகின் பெரிய சௌகரியம். இல்கா 7 பாய் 7.06 சதுர மீட்டர், இல்கா 6 பாய் 5.76, இல்கா 4 பாய் 4.7. பாய்மரத்தின் மேல் குழாய் மூன்றுக்கும் ஒன்றே, கீழ்க் குழாயும் பாயும் மட்டும் மாறும். 55 முதல் 70 கிலோ வரை இல்கா 6 பொருந்தும், அதற்கு மேல் இல்கா 7.

ஆனால் அந்த எடைக் கணக்கு கடல் பந்தயக்காரர்களுக்குச் சொன்னது. மார்கழிக் குளத்தில் 62 கிலோ ஆளும் பெரிய பாயைக் கட்டலாம், கட்டவும் வேண்டும். ஆடியில் 80 கிலோ ஆள் சின்னப் பாய்க்கு இறங்குவதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் இரண்டு கீழ்க் குழாய், இரண்டு பாய். காலையில் கரையில் நின்று தென்னை மட்டை ஆடுவதைப் பார்த்துவிட்டு எதைக் கட்டுவது என்று முடிவு செய்கிறோம். நடுக்குளத்தில் திடீரென்று காற்று ஏறினால் கரையோரம் ஒதுங்கி, அடிக்கட்டையைக் கழற்றி, பாய்மரத்தை ஒன்றிரண்டு சுற்றுச் சுற்றினால் பாய் அதில் சுருண்டு சின்னதாகும்.

ஆர்எஸ் ஏரோ இன்னும் இலேசுன்னு சொல்றாங்களே?

உண்மைதான். 2014-ல் வந்தது, வரைந்தவர் ஜோ ரிச்சர்ட்ஸ். நீளம் 4 மீட்டர், கூடு 30 கிலோ. இல்காவில் பாதி. மெல்லிய வீச்சுக்கு அது எழும்புவதைப் பார்த்தால் ரேக்ளாக் கன்று ஞாபகம்தான் வரும். 5, 6, 7, 9 என்று நான்கு அளவுப் பாய். ஒற்றை ஆளாகக் காரின் கூரையில் தூக்கி வைக்கலாம். பணத்தைப் பற்றிக் கவலையில்லாமல், சின்ன குளத்துக்கு எது சிறந்தது என்று மட்டும் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் புதுப் படகு ஒன்றின் வெளிநாட்டு விலையே பல லட்சம். அதற்கு மேல் கப்பல் கூலி, சுங்கம். ஒரு சுக்கான் உடைந்தால் அடுத்தது கடல் தாண்டி வர வேண்டும். கூட்டிலும் பாய்மரத்திலும் கார்பன் சேர்ந்திருப்பதால் மரம்வெட்டிப் போட்ட குளத்தில் இடித்தால் மனசு பதறும். நாலு பேர் சேர்ந்து ஒரே சமயத்தில் வரவழைத்து, உதிரியும் சேர்த்து வாங்கி வைக்க முடிந்தால் தைரியமாக இறங்கலாம். தனி ஆளாக வேண்டாம்.

சோலோ, ஓகே, ஃபின், யூரோப்?

ஃபின் 1949-ல் ஸ்வீடனின் ரிக்கார்ட் சார்பி வரைந்தது, 1952 முதல் டோக்கியோ வரை ஒலிம்பிக்கில் இருந்தது. கூடே நூறு கிலோவுக்கு மேல். நம் குளத்துக்கு அது பார வண்டி. யூரோப் 45 கிலோதான், அழகாக ஓடும், இலேசான உடம்புக்காரர்களுக்கு அருமை. இங்கே தேடிக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

சோலோவையும் ஓகேயையும் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இவை இரண்டையும் நாமே செய்யலாம். ஓகே 1957-ல் டென்மார்க்கின் கனூட் ஓல்சன் வரைந்தது. அவர் பெயரின் முதலெழுத்துகளைத் திருப்பிப் போட்டதுதான் ஓகே. வீட்டுக் கொட்டகையில் பிளைவுட்டில் ஒரு ஆள் செய்துகொள்ளும்படியே அதை வரைந்தார்கள். நீளம் 4 மீட்டர், எடை 72 கிலோ. சோலோ 1956-ல் பிரிட்டனின் ஜாக் ஹோல்ட் வரைந்தது. 3.78 மீட்டர், 70 கிலோ, உருண்டையாக இல்லாமல் பட்டை பட்டையாக மடித்த அடிப்பக்கம், குறுகிய நீரில் சட்டென்று திரும்பும். பிரிட்டனில் சின்ன நீர்த்தேக்கங்களில் இன்றும் நிறைய ஓடுகிறது. படகு பக்கவாட்டில் நழுவாமலிருக்க நடுவே நீருக்குள் இறக்கும் பலகையை நடுப்பலகை என்பார்கள்; இரண்டிலும் அது கத்தி மடங்குவது போல உள்ளே மடங்கும், பாயையும் கொடி ஏற்றுவது போல ஏற்றி இறக்கலாம். இல்காவில் பாயை இறக்கவே முடியாது, மரத்தோடு பிடுங்கத்தான் வேண்டும்.

ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் கோயமுத்தூரில் தாராளமாகக் கிடைக்கிறது. எபாக்ஸியும் கண்ணாடி இழையும் கையாளத் தெரிந்த பட்டறைகள் இருக்கின்றன. வார்ப்புக்கு மாதிரி செய்யும் பேட்டர்ன் ஆசாரிகள் இங்கே இருக்கிறார்கள், அரை மில்லிமீட்டர் பிசகினால் தூங்க மாட்டார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஒரு ஓகே கட்டாமல் இருக்கிறோமே என்ற ஏக்கம் எனக்கு உண்டு. கையில் தொழில் உள்ளவர் யாராவது முன்வந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் உப்புத்தாள் தேய்க்க நான் வருகிறேன்.

கன்டென்டர், மஸ்டோ ஸ்கிஃப், தண்ணிக்கு மேல பறக்கும் மாத்?

முதல் இரண்டிலும் இடுப்பில் கம்பி மாட்டி வெளியே தொங்கி ஓட்ட வேண்டும். 500 மீட்டரில் தொங்கிச் சமன் பிடிப்பதற்குள் கரை வந்துவிடும். மாத் நீருக்கடியில் இறக்கை விரித்துப் பறப்பது, அதற்கு ஆழமும் சுத்தமான நீரும் வேண்டும். ஒரு கொத்து ஆகாயத்தாமரை போதும், அந்த ஓட்டம் முடிந்தது. மேட்டூர் போன்ற விரிந்த நீரில் அனுமதி வாங்கி ஓட்டுகிறவர்கள் யோசிக்கலாம்.

படகுகளை ஒப்பிட எண் ஏதாவது இருக்குதுங்களா?

பிரிட்டனில் போர்ட்ஸ்மவுத் எண் என்று ஒன்று வெளியிடுகிறார்கள். குறைய இருந்தால் வேகம். வருஷத்துக்கு வருஷம் சற்று மாறும். தோராயமாக மஸ்டோ ஸ்கிஃப் 850, கன்டென்டர் 970, ஃபின் 1050, ஏரோ 7 1065, இல்கா 7-ம் ஓகேயும் 1100, சோலோ 1140, இல்கா 6 1150. இல்கா 7 ஒரு மணி நேரத்தில் முடிக்கும் சுற்றை சோலோ 62 நிமிஷத்தில் முடிக்கும் என்று அர்த்தம். அந்த இரண்டு நிமிஷத்துக்காகப் படகை மாற்ற வேண்டியதில்லை. ஒரு வீச்சை முன்கூட்டியே பார்த்துத் திருப்பினால் அதைவிட அதிகம் மிச்சமாகும்.

பழைய படகு வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

முதலில் எடை. என் முதல் படகை வெளியூரில் பார்த்து, பெயின்ட் பளபளப்பில் மயங்கி, அன்றைக்கே பணம் கொடுத்து ஏற்றி வந்தேன். தள்ளும்போது கனமாகத் தெரிந்தது. தெரிந்தவரின் தேங்காய் மண்டி எடைமேடையில் வைத்தால் 71 கிலோ. உள்ளே பன்னிரண்டு கிலோ தண்ணீர், நுரையில் ஊறிக் கிடந்தது. தளத்தில் வட்டமாக வெட்டி மூடி பொருத்தி, சித்திரை வெயிலில் டேபிள் ஃபேன் வைத்து உலர்த்தினேன். எட்டுக் கிலோ இறங்கியது, மிச்சம் இறங்கவே இல்லை. இப்போது யார் வாங்கப் போனாலும் அந்த ஊர் எடைமேடையில் ஏற்றிவிட்டுத்தான் விலை பேசச் சொல்கிறேன். 62 கிலோ வரை சரி. 65 தாண்டினால் விலையைக் குறையுங்கள், 70 என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

அடுத்தது பாய்மரக் குழி. அதில் தண்ணீர் ஊற்றி நிரப்பி, டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் குழியின் அடி விரிசல் விட்டிருக்கிறது, பலத்த காற்றில் தளம் பிளந்து மரம் சாயும். குழியைச் சுற்றிலும், உட்காரும் இடத்திலும் உள்ளங்கையால் அழுத்துங்கள். பிஸ்கட் டப்பா மூடி போல அமுங்கி எழுந்தால் உள்ளே ஒட்டு விட்டுப்போயிருக்கிறது. படகைக் கவிழ்த்து, நடுப்பலகை நுழையும் பிளவின் ஓரம் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். மேல் குழாயை நிலத்தில் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். பாய் பழசாக இருந்தால் பரவாயில்லை, அது மாற்றக்கூடியது.

2019-ல் பெயர்ச் சிக்கலில் லேசர் இல்கா ஆனது. பந்தயத்துக்குப் போகாதவருக்கு எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் ஒன்றுதான்.

எப்படிக் கொண்டு போறது, எங்கே வைக்கிறது?

குட்டி யானையில் ஏற்றலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதன் தொட்டி ஏழு அடி, படகு பதினான்கு அடி. பாதி வெளியே தொங்கும், வேண்டாம். காரின் கூரைக் கம்பியில் கவிழ்த்துக் கட்டி முன்னும் பின்னும் கயிறு போடுங்கள், ஏற்ற இரண்டு பேர் வேண்டும். வைக்கும்போது அடிப்பக்கம் எதிலும் அழுந்தக் கூடாது, விளிம்பில்தான் தாங்க வேண்டும். வெயில் படாமல் மூடுங்கள், பாயை மடிக்காமல் குழாயில் சுருட்டுங்கள். பாய்மரக் குழாயின் வாயைத் துணியால் அடையுங்கள். இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் குளவி கூடு கட்டிவிடும்.

எங்க குளத்துல கருவேலம் நிறைய. ஆழமும் தெரியாது.

இல்காவின் நடுப்பலகை நீருக்குள் எண்பது சென்டிமீட்டர் இறங்கும். நேராக மேலே உருவுவது, எதிலாவது மோதினால் தானாக மடங்காது. கோடையில் குளம் வற்றியிருக்கும்போது ஒருநாள் நடந்து பாருங்கள். வெட்டியும் வெட்டாமலும் விட்ட சீமைக்கருவேல முட்டுகள், மண் எடுத்த குழிகள், பழைய கிணறு எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். நான் ஒவ்வொரு பங்குனியிலும் நடந்து ஒரு படம் வரைந்து வைத்துக்கொள்கிறேன். முட்டு உள்ள இடங்களில் மூங்கில் நட்டு, வெள்ளை உரச்சாக்கு கட்டிவிடுவோம். மீன் குத்தகை எடுத்தவரிடமும் பேசிவிடுங்கள். வலை எங்கே கிடக்கிறது என்று அவர் சொல்வார், நீங்களும் அதைக் கிழிக்காமல் இருப்பீர்கள்.

கவிழ்ந்தா என்னாகும்?

கவிழும், அது படகோட்டுவதில் ஒரு பகுதி. நடுப்பலகை மேல் ஏறி நின்றால் நிமிரும். நம் குளங்களில் உள்ள தனித் தொல்லை சேறு. தண்ணீர் இரண்டு மூன்று மீட்டர்தான், பாய்மரம் ஆறு மீட்டர். படகு முழுசாகக் குப்புறப் போனால் மரத்தின் நுனி சேற்றில் குத்தி நின்றுவிடும். அவசரப்பட்டுப் பலகையில் குதித்தால் குழாய் வளையும். படகின் மூக்கைக் காற்றுக்கு நேரே திருப்பி, மெல்ல மெல்ல எடை கொடுத்து உருவ வேண்டும். பழகும்வரை நுனியில் ரெண்டு லிட்டர் காலி பாட்டில் ஒன்றை இறுகக் கட்டிவிடுங்கள், குப்புறப் போவது குறையும். மரம் குழியிலிருந்து நழுவாமல் கீழே கட்டும் கயிற்றை ஒருநாளும் மறக்காதீர்கள். மிதவைச் சட்டை போடாமல் யாரையும் நான் படகில் ஏற்றுவதில்லை, நீச்சல் வீரராகவே இருந்தாலும்.

மதகுக்கும் கலிங்குக்கும் பக்கத்தில் போகவே கூடாது. மதகு திறந்திருந்தால் மேலே ஒன்றும் தெரியாது, கீழே இழுக்கும். குளம் நிறைந்து கலிங்கு வழிகிற நாட்களில் நான் படகை இறக்குவதில்லை.

கரண்டு கம்பி பக்கத்துல இருக்குதுங்க, பரவால்லியா?

பரவாயில்லை என்று சொல்லவே மாட்டேன். பாய்மரம் அலுமினியக் குழாய், கார்பனும் மின்சாரம் கடத்தும். குளத்தைக் கடந்து கம்பி போனால் அந்தக் குளமே வேண்டாம். கரையில் கம்பி இருந்தால், அதைத் தாண்டிய பிறகுதான் மரத்தை நட வேண்டும், திரும்பும்போது அதற்கு முன்பே பிடுங்கிவிட வேண்டும். நட்ட மரத்தோடு தள்ளுவண்டியை இழுத்து வருகிறவர் பார்வை சக்கரத்தில்தான் இருக்கும், மேலே போகாது. சித்திரையிலும் ஐப்பசியிலும் சாயங்காலம் இடி கேட்டால் அந்த நிமிஷமே கரை.

எந்தெந்த நீரில் கூடாது?

வெள்ளோடு, நஞ்சராயன் குளம் இரண்டும் பறவைகள் சரணாலயம். ஐப்பசி முதல் பங்குனி வரை தூரதேசத்துப் பறவைகள் வந்து இறங்கும் இடம், அங்கே பாய் விரிப்பதை நினைக்கவும் வேண்டாம். சரணாலயம் அல்லாத குளத்திலும் பறவைக் கூட்டம் இறங்கியிருந்தால் அந்தப் பக்கத்தை விட்டு ஒதுங்கி ஓட்டுங்கள். அமராவதி அணையில் முதலைகள் இருக்கின்றன, பவானிசாகரிலும் உண்டு. சாக்கடையும் சாயமும் கலக்கும் நீரில் கவிழ்ந்தால் தோலுக்கும் கண்ணுக்கும் கேடு. மற்ற இடங்களில், குளம் யார் கையில் இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொண்டு எழுத்தில் கேளுங்கள். நீர்வளத்துறையா, மாநகராட்சியா, ஊராட்சியா என்பது குளத்துக்குக் குளம் மாறும். ஊர்ப் பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் கரைக் கோயில் பூசாரி ஐயாதான் முதலில் சம்மதித்தார். இன்றைக்கும் நான் இறங்குவதற்கு முன் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறேன், திரும்பியதும் சொல்கிறேன். நடுக்குளத்தில் ஏதாவது ஆனால் கரையில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

எங்க அம்மணிக்குப் பதிமூணு வயசு, 42 கிலோ. அவளுக்கு?

ஆப்டிமிஸ்ட் என்று 2.3 மீட்டர் குழந்தைப் படகு உண்டு. பதினைந்து வயது வரை அதில் பந்தயம் ஓட்டலாம். ஆனால் இந்த வயதில் தொடங்குகிற பிள்ளைக்கு, உங்களிடம் இல்கா கூடு இருந்தால் இல்கா 4 பாயை மட்டும் வாங்கிப் போடுங்கள். 2023 ஆசிய விளையாட்டில் நேஹா தாக்கூர் வெள்ளி வென்றது அந்தப் பாயில்தான். அவர் பழகியது போபால் ஏரிக்கரையிலுள்ள தேசியப் பாய்மரப் பள்ளியில், கடலிலிருந்து வெகுதூரம் தள்ளி. உங்கள் அம்மணியிடம் அதைச் சொல்லுங்கள்.

முதல்ல எங்கே கத்துக்கிறது?

சென்னை போய்விட்டு வாருங்கள். ராயல் மெட்ராஸ் யாட் கிளப், தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கம் இரண்டும் துறைமுகப் பக்கம் இருக்கின்றன, கற்றுத்தருகிறார்கள். அங்கே சில நாள் கவிழ்ந்து நிமிர்ந்து பழகிய பிறகு குளத்துக்கு வாருங்கள். முதல் ஓட்டத்துக்குக் கார்த்திகைக் கடைசியில் ஒரு காலை ஏழு மணியைத் தேர்ந்தெடுங்கள். பெரிய பாயையே கட்டலாம். காற்று வரும் பக்கத்துக் கரையில் இறங்காமல், அது போய்ச் சேரும் பக்கத்துக் கரையில் இறங்குங்கள். ஏதாவது தவறினாலும் காற்றே உங்களை வண்டி நிற்கும் இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும்.